ஐந்து கால் நாற்காலி

மேசைக்கு ஒரு புது நாற்காலி வாங்கினோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் எங்களுக்கும் தோன்றியது. ஆறு வாரங்கள் அதில் மாறி மாறி அமர்ந்து வேலை செய்த பிற்பாடு, நாற்காலியைப் பற்றித் தொடங்கும் பேச்சு நாற்காலியோடு நிற்பதில்லை என்று கண்டுகொண்டோம். நாங்கள் என்பது கணவனும் மனைவியுமாகிய இருவர். விழுப்புரத்தில் ஒரு வாடகை வீட்டின் தரைத்தளத்தில், ஒரே மேசையில், ஒரே கணினியில், பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பதும் பழைய நூல்களைத் தட்டெழுதிக் கொடுப்பதும் எங்கள் பிழைப்பு. ஒருவர் முற்பகலில் அமர்ந்தால் மற்றவர் பிற்பகலில். ஒற்றுப்பிழை தேடுவது கண்ணின் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அது முதுகின் வேலை.

பழைய நாற்காலியை ஃபெஞ்சல் கொண்டுபோயிற்று. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய அந்தப் புயல், ஏறியதோடு விலகிப் போகாமல் அங்கேயே நின்று பெய்தது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பாசஞ்சர் ரயில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று வரும். அந்த மயிலத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. டிசம்பர் முதல் தேதி விடிகையில் எங்கள் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். புத்தகங்களையும் கணினியையும் பரண்மேல் ஏற்றினோம். நாற்காலியை மறந்துபோனோம். பஞ்சு வைத்து ரெக்சின் போர்த்திய அந்த அலுவலக நாற்காலி இரண்டு நாள் ஊறி, பத்து நாள் வெயிலில் காய்ந்து, அதற்குப் பிறகும் நாறியது.

திண்டிவனத்தில் கிடங்கல் பக்கம் இருக்கும் அப்பாவின் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. (எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. சிறுபாணாற்றுப்படைத் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் இந்தக் கிடங்கல்தான் என்பதை ஊரில் இரண்டு தமிழாசிரியர்களைத் தவிர யாரும் பொருட்படுத்துவதில்லை.) அவர் தமது சாய்வு நாற்காலியின் குறுக்குக் கழிகளை உருவி, துணியைத் துவைத்துக் கொடியில் போட்டு, மரச்சட்டத்தைத் துடைத்து நிழலில் வைத்து, மூன்றாம் நாள் பழையபடி மாட்டிவிட்டார். எங்களுக்கு அது சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

பிறகு ஐந்து மாதம், கல்யாண மண்டபத்தில் பத்துப் பத்தாக அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டினோம். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கழுவலாம், தூக்கலாம், வெள்ளத்தில் மிதக்கும். விருந்தாளிக்கென்று செய்யப்பட்டது அது. அரைமணி நேரம் அமர்ந்து காபி குடித்துவிட்டு எழுந்து போகிறவருக்கானது. எட்டு மணி நேரம் அமர்கிறவரை அது தன் வழியில் எழுப்பி அனுப்பப் பார்க்கும். இருவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார்: நாற்காலியை மாற்றுங்கள், இல்லையென்றால் தொழிலை மாற்றுங்கள். தொழிலை மாற்றும் வயது கடந்துவிட்டது.

ஏன் கேமிங் நாற்காலி என்று கேட்டால், விலை என்பதுதான் நேர்மையான பதில். முதுகு முழுவதையும் தலையையும் தாங்கும் நாற்காலி என்று தேடியபோது, எங்களால் கொடுக்க முடிந்த பதினோராயிரத்துச் சொச்சத்துக்கு இணையத்தில் அகப்பட்டவை எல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளுக்கானவை. 2025 மே மாதம், அக்கினி நட்சத்திரத்தில், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியின் நான்கு பக்கமும் பெரிய எழுத்தில் 'கேமிங்' என்று அச்சிட்டிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் அதைப் படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ரம்மி எதுனா ஆடறீங்களா?" என்று கேட்டார். சிரிக்க முடியவில்லை. இணைய ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளை அவரும் நாங்களும் ஒரே நாளிதழில் படித்தவர்கள்தாம். அதற்கென ஒரு தடைச்சட்டத்தை 2022-ல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2023-ல் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பிய பிறகே ஒப்புதல் கிடைத்த மாநிலம் இது. எங்கள் தெருவில் 'கேம்' என்ற சொல்லுக்கு அப்படியொரு நிழல் விழுந்துவிட்டது. பிழை திருத்தும் வேலைக்குத்தான் என்று விளக்கினோம். அவர் நம்பினாரா என்று தெரியாது.

பெட்டிக்குள் இருந்தது நாற்காலி அன்று, நாற்காலியின் உறுப்புகள். படம் போட்ட ஒரு தாள், ஓர் ஆலன் கீ, திருகாணிகள் நிறைந்த அட்டை. திருகாணி ஒவ்வொன்றையும் முதலிலேயே இறுக்கிவிட்டால் கடைசித் துளை பொருந்தாது. எல்லாவற்றையும் பாதிவரை திருகிவிட்டுப் பிறகு சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும். இதைத் தாளில் எங்கும் போடவில்லை. இரண்டு முறை கழற்றி மாட்டித் தெரிந்துகொண்டோம். ஒரு வாஷர் குறைந்தது. கடைத்தெருவில் இரண்டு ரூபாய்க்கு வாங்கினோம்.

மாட்டி நிமிர்த்தியபோது எண்ணிப் பார்த்தோம்: கால்கள் ஐந்து. மூன்று கால் என்றால் முக்காலி, நான்கு என்றால் நாற்காலி என்று கணக்காகப் பெயர் வைத்த மொழி ஐந்துக்கு வந்ததும் பேசாமல் இருந்துவிட்டது. ஐந்துக்குக் காரணம் உண்டு. சக்கரமும் சுழற்சியும் சாய்வும் உள்ள இருக்கையில், உடலின் பாரம் இரண்டு கால்களுக்கு நடுவே விழும்போதுதான் கவிழும் ஆபத்து. நடுத்தண்டிலிருந்து சக்கரம்வரை உள்ள நீளத்தை நூறு என்று கொண்டால், நான்கு காலில் அந்த இடைவெளியின் விளிம்பு மையத்திலிருந்து 71 தொலைவில் இருக்கும். ஐந்து காலில் 81. ஆறு கால் வைத்தால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் நம் கால் அதில் இடறும். நடுத்தண்டுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். வலக்கைப் பக்கத்து நெம்பை இழுத்தால் 'உஸ்'ஸென்ற ஓசையுடன் இருக்கை ஏறும். இறங்க வேண்டுமானால் ஆள் அமர்ந்திருக்க வேண்டும். வெறும் இருக்கை தானாக இறங்காது. எங்களில் ஒருத்திக்குத் தரையிலிருந்து 46 சென்டிமீட்டரும், ஒருவனுக்கு 51-ம் தோதாக இருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை அந்த ஓசை எங்கள் வீட்டில் கேட்கும்.

இந்த நாற்காலியின் உருவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். பந்தயக் காரின் இருக்கையிலிருந்து. கார் இருக்கைகள் செய்துகொண்டிருந்த டிஎக்ஸ்ரேசர் என்னும் நிறுவனம் 2006-ஐ ஒட்டி அவற்றுக்குச் சக்கரம் பூட்டிக் கணினியின் முன் கொண்டுவந்து வைத்தது. பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்த அச்சிலேயே வார்த்தார்கள். பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது ஓட்டுபவரின் உடல் பக்கவாட்டில் வீசி எறியப்படும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் இருக்கையின் இரு ஓரங்களும் கரை கட்டியது போல உயர்ந்திருக்கின்றன. மெய்ப்புப் பார்ப்பவர் எந்த வளைவில் திரும்பப் போகிறார்? அந்தக் கரைகளால் எங்களுக்கு நேர்ந்த முதல் இழப்பு சம்மணம். கடினமான பக்கம் ஒன்று வந்துவிட்டால் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் மேலேயே மடக்கிப் போட்டுக்கொண்டு உட்காருவது எங்கள் இருவரின் வழக்கம். பிளாஸ்டிக் நாற்காலிகூட அதற்கு இடம் கொடுத்தது. இதில் முழங்கால்கள் கரையில் முட்டி நிற்கின்றன.

இரண்டாவது மனக்குறை வெயில். தோல் போலத் தோன்றும் செயற்கை உறை. மே மாதத்து விழுப்புரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு மின்வெட்டும் சேர்ந்துகொண்டால், எழுந்திருக்கையில் சட்டை முதுகோடு வராமல் நாற்காலியோடு தங்கிவிடப் பார்க்கிறது. மேலே ஒரு பருத்தித் துண்டு விரித்திருக்கிறோம். அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994-ல் வெளியிட்ட ஏரான் நாற்காலி, பஞ்சையும் தோலையும் அறவே விட்டுவிட்டு வலைபோன்ற பின்னலுக்கு மாறியதைப் பெரும் புரட்சி என்று எழுதுகிறார்கள். அதை வடிவமைத்த பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் அதற்கு முன்பு முதியோருக்கான நாற்காலி ஒன்றில் உழைத்தவர்கள் என்பது மதிக்கத்தக்க செய்தி. ஆனால் காற்றுப் புகும் பின்னல் நமக்குப் புதிதன்று. கயிற்றுக் கட்டில் அதுதான். நம் அரசு அலுவலகங்களில் ஒரு தலைமுறை முன்புவரை இருந்த பிரம்பு நாற்காலிகளும் அவ்வகைதான். பிரம்பு அறுந்த நாற்காலிகளுக்கு மறுபின்னல் போட்டவர்களில் பலர் பார்வையற்றவர்கள். நாற்காலியை மடியில் சாய்த்துக்கொண்டு விரலாலேயே கண்ணி எண்ணி இழுத்துப் பின்னுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலிகளில் அமர்ந்தவர்களைவிட அவற்றைப் பின்னியவர்களைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார்.

நிற்க. குறைகளையே அடுக்குகிறோம், நிறை இல்லாமல் இல்லை. அந்த நிறை முழுவதும் முதுகுப்பலகையில் இருக்கிறது. இடப்பக்கத்து நெம்பை இழுத்தால் கிட்டத்தட்டப் படுக்கும் அளவுக்குச் சாயும். விட்ட இடத்தில் நிற்கும். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் ஊசிமுனையில் கருவி பொருத்தி, உயிருள்ள மனிதரின் முதுகெலும்புத் தட்டுக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தார். நிற்கையில் உள்ள அழுத்தம் நூறு என்றால், முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் அமர்கையில் அது 140. பின்னாளில் 1999-ல் அளந்தவர்கள் அவ்வளவு வேறுபாடு இல்லை என்றார்கள். ஆயினும் சாயச் சாய அழுத்தம் குறைகிறது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. 2006-ல் ஸ்காட்லாந்தில் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தவர்கள், நேராக நிமிர்ந்து 90 பாகையில் அமர்வதைவிட 135 பாகை சாய்வே முதுகுக்கு நல்லது என்றார்கள். பள்ளியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி முதுகில் தட்டிய ஆசிரியர்களை நினைத்துக்கொண்டோம்.

ஆக, சாயத்தான் இந்த நாற்காலி. ஆனால் முதல் இரண்டு வாரம் எங்களில் ஒருத்தி அதில் சாயவே இல்லை. இருக்கையின் முன்விளிம்பில் நான்கு விரற்கடை இடத்தில் அமர்ந்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கூப்பிட்டால் எழுந்துவிடத் தயாராக இருக்கும் கோலம். முதுகுக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாண் வெற்றிடம். பதினோராயிரம் ரூபாயில் பெரும்பகுதி அந்த வெற்றிடத்துக்குப் பின்னால் வீணாக நின்றுகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டபோது அவளுக்கே அது அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அவள் 2008 முதல் 2019 வரை ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. வாடிக்கையாளர்களுக்கு மெத்தை விரித்த பெஞ்சு உண்டு; விற்பவர்களுக்கு ஸ்டூல்கூடக் கிடையாது. ஆள் வராத பிற்பகல்களிலும் நின்றுகொண்டே சேலை மடிக்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் கண்காணிப்பாளர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பெஞ்சின் விளிம்பில் ஒரு நொடி அமர்ந்து, காலடி கேட்டால் எழுந்துவிடும் வித்தையை எல்லாப் பெண்களும் கற்று வைத்திருந்தார்கள். அந்த ஒரு நொடி அமர்வுதான் எங்கள் மேசை வரைக்கும் வந்திருந்தது. 2010-ல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது அவள் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். படம் நன்றாக இல்லையோ என்று நினைத்துக்கொண்டோம்.

கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. நம்முடையது 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம்; அதில் 22-அ என்று ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது. வேலைக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்பதற்கு ஒரு சட்டமன்றம் கூடிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அவள் வேலையை விட்டு இரண்டு ஆண்டு கழிந்திருந்தது. கணுக்காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்ததும் அதற்குள் நிலைத்துவிட்டிருந்தது. அண்மையில் துணி எடுக்க வேறொரு கடைக்குப் போனோம். ஸ்டூல்கள் இருந்தன. அவற்றின் மேல் ரவிக்கைத் துணிப் பெட்டிகள் இருந்தன.

அப்பாவின் இருக்கை வேறு மாதிரி. திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் அவர் கடைநிலை ஊழியர், 31 ஆண்டுகள். அதிகாரியின் அறைக்கதவுக்கு வெளியே அவருக்கு ஒரு மர ஸ்டூல். அழைப்பு மணிக்கு எழ வேண்டியவருக்குச் சாய்வு எதற்கு என்று கருதித்தான் ஸ்டூலுக்கு முதுகு வைக்காமல் விட்டார்கள் போலும். ஸ்டூலாவது அலுவலகத்தில்தான். அவர் பிறந்த ஊரில், அவர் சிறுவனாக இருந்தபோது, சில தெருக்களின் திண்ணைகளில் அவர் உட்கார முடியாது. இதை அவர் ஒரு கதையாக எங்களிடம் சொன்னதில்லை. வேறு எதையோ சொல்லும்போது நடுவே வந்து போகும். 2020 அக்டோபரில் ஒரு நிழற்படம் வெளியாயிற்று. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றக் கூட்டம். தலைவரான பட்டியல் சாதிப் பெண் தரையில், மற்றவர்கள் நாற்காலியில். கடலூரும் விழுப்புரமும் 1993 வரை தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டம். அந்தப் படம் வந்த நாளிதழை அப்பா நான்காக மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

2003-ல் ஓய்வு பெற்றதும் கடன்கள் போக மிஞ்சியதில் தச்சரிடம் சொல்லி அந்தச் சாய்வு நாற்காலியைச் செய்துகொண்டார். ஓராண்டு அதில் துவைத்த துணிகள் கிடந்தன. உட்கார்ந்தாலும் குறுக்குக் கழியின் மேல் ஒட்டி உட்காருவார். தொடை வலித்து எழுந்துவிடுவார். தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் (1997-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல்) முஸ்தபாகண்ணு அமர்ந்த இடத்தை விட்டு அசையாமல் வீட்டுப் பொருள்களை விற்றுத் தின்று தீர்ப்பார். நாற்காலியோடு பிறந்தவர்களுக்கு அது சரிவின் சின்னம். இலக்கியத்தில் அப்படிப் படித்துவிட்டு அப்பாவைப் பார்க்கும்போது எங்களுக்குக் குழப்பமாக இருக்கும். கி.ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை அவருக்கு நெருக்கமானது. வீட்டுக்கு வந்த சப் ஜட்ஜ் முக்காலியிலிருந்து விழுந்ததால் நாற்காலி செய்கிறார்கள். பிறகு ஊரில் சாவு விழும்போதெல்லாம் பிணத்தை உட்காரவைக்க அதை வந்து வாங்கிப் போகிறார்கள். அந்தக் கதையை வாசித்துக் காட்டினால் இப்போதும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

ஆறாவது வாரம் கண் பரிசோதனைக்காக விழுப்புரம் வந்திருந்தார். நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். "யாருக்கும்மா இது?" என்றார்.

"நம்ம எல்லாருக்கும்தான் மாமா. உக்காருங்க."

உட்கார்ந்தார், விளிம்பில். கால் தரையில் பாவவில்லை. வலது நெம்பு ஏற இறங்க, இடது நெம்பு சாய்வதற்கு என்று இருவரும் மாறி மாறிக் காட்டினோம். 'உஸ்' ஓசைக்குச் சற்றுத் திடுக்கிட்டார். "நம்ம கி.ரா. கதைக்கு இது தோதுப்படாது. வச்ச எடத்துல நிக்காது, உருண்டுடும்" என்றார். நாங்கள் சிரித்தோம். ஐந்து நிமிடத்தில் இறங்கி, தரையில் சுவரோரமாகப் பாயை விரித்து நாளிதழோடு அமர்ந்துவிட்டார். சரி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம். இரவு அவருக்குக் கூடத்திலேயே, மேசைக்கு அருகில் படுக்கை போட்டோம். விடியற்காலைப் பாசஞ்சரில் அவரை ஏற்றிவிட்டு வந்தோம்.

முந்தைய மாலை கடைசியாக அதில் வேலை செய்தவன் 51-ல் வைத்து, முதுகை நிமிர்த்திவிட்டு எழுந்திருந்தான். திரும்பி வந்து பார்த்தபோது இருக்கை அதன் மிகத் தாழ்ந்த உயரத்தில் இருந்தது. முதுகுப்பலகை நாங்கள் இருவரும் இதுவரை சாய்த்திராத அளவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. மேலே விரித்திருந்த பருத்தித் துண்டு மடித்துக் கைப்பிடியில் போடப்பட்டிருந்தது.